கார் போகாத ஊருக்கு ஒரு பிளான்

ஊருக்குள் கார் போகாது என்று தெரிந்ததும் சிவப்பிரகாசம் கையிலிருந்த இட்லித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"காரு போவாதுன்னா? ரோடு சரியில்லையா?"

"ரோடே இல்லப்பா," என்றாள் கல்பனா. "தெருவுக்குப் பதிலா வாய்க்காலு. பக்கத்து வூட்டுக்குப் போவணும்னாகூட படகு, இல்லன்னா சின்னதா ஒரு மரப்பாலம். பைக்கு, ஆட்டோ எதுவும் கெடையாது. ஹார்ன் சத்தமே கேக்காதாம்."

அவர் மகளின் போனை வாங்கி வீடியோவைப் பார்த்தார். கடலூர் தாண்டி உப்பங்கழிக்குள் இருக்கிற தாழந்திட்டு என்ற ஊர் அது. வாசலுக்கு வாசல் படகு கட்டிக் கிடந்தது. ஒரு பெண்பிள்ளை படகிலேயே நின்றுகொண்டு இன்னொரு வீட்டுத் திண்ணையில் பால் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். தண்ணீரில் தென்னை மரங்கள் தலைகீழாக ஆடின.

"ஊரு நல்லாத்தான் இருக்கு. ஒரு நாள் போயிட்டு வரலாம்," என்றார். "ஆனா காரை எங்க வுடறது?"

கல்பனா அம்மாவைப் பார்த்தாள். கஸ்தூரி சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அந்த வீடியோவைக் கல்பனா காட்டிக்கொண்டிருந்தது அம்மாவுக்கு மட்டும்தான். அது சிவப்பிரகாசத்துக்கு உறைக்கவில்லை. அவர் மனத்தில் அதற்குள் பயணம் புறப்பட்டுவிட்டது.

வில்லியனூர்க் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் சிவப்பிரகாசம் எதையும் பிளான் போடாமல் செய்தவரில்லை. முடிவெட்டிக்கொள்ளப் போவதற்குக்கூட முதல் நாளே கடைக்காரரிடம் பேசி வைப்பார். போன வருஷம் குடும்பத்தை மகாபலிபுரம் அழைத்துப் போனார். வெயிலில் நிறுத்தினால் கார் பெயின்ட் மங்கும், மரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சமிடும் என்று இடம் தேடித் தேடிச் சுற்றியதில் பொழுது சாய்ந்துவிட்டது. கற்கோயிலைக் குடும்பம் பார்த்தது கார்க் கண்ணாடி வழியாகத்தான். அதையும் அவர் வெற்றிகரமான பயணம் என்றே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏனென்றால் கார்மேல் ஒரு கீறல் விழவில்லை.

ஆனால் இந்தத் தடவை அவருக்குக் காரைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது.

சொத்துப் பாகம் பிரிந்ததிலிருந்து குடும்பம் உடைந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. தம்பி குமரவேல் கரும்பு நிலத்தை எடுத்துக்கொண்டு பாகூருக்குப் போய்விட்டான். கஸ்தூரியும் குமரவேலின் மனைவி செல்வகுமாரியும் ஒரு பித்தளை அண்டா விஷயமாக முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷமாகிறது. நெட்டப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை அம்சவள்ளி, இரண்டு அண்ணன் வீட்டுக்கும் போவதில்லை. யார் வீட்டுக்கு முதலில் போவது என்கிற சிக்கல். பொங்கலுக்குக்கூட மூன்று வீட்டில் மூன்று பானை பொங்கியது. வீட்டுக்கு மூத்தவர் என்ற முறையில் சிவப்பிரகாசத்துக்கு இது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. எல்லாரையும் ஒரே படகில் ஏற்றிவிட்டால் யார் யாரைவிட்டு எங்கே எழுந்து போய்விட முடியும்?

"தம்பியையும் கூப்புடறேன். அம்சாவையும் கூப்புடறேன்," என்று அறிவித்தார்.

கஸ்தூரி சட்னிக் கரண்டியோடு திரும்பினாள். "அவங்க வந்தா நான் வரலைங்க."

"நீ வருவ. பிளான்ல உன் பேரும் இருக்கு."

அன்றைக்கே 'தாழந்திட்டுப் பயணக் குழு' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். ஆளாளுக்கு எதையாவது எழுதிக் குழப்பம் பண்ணிவிடக் கூடாது என்று, அட்மின் மட்டுமே பேசலாம்படி அமைத்தார். அட்மின் அவர். முதல் செய்தி: 'அனைவரும் தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்.'

யாரும் தெரிவிக்கவில்லை. "பாத்தியா, ஒருத்தருக்கும் அக்கறையே இல்ல," என்று கஸ்தூரியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

தாழந்திட்டில் படகு வைத்திருக்கும் ஆண்டாளின் நம்பர் அந்த வீடியோவிலேயே இருந்தது. சிவப்பிரகாசம் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, காரு நிறுத்த இடம் இருக்குதா?"

"துறையண்ட ஒரு வேப்பமரம் இருக்குது சார். அதுங்கீழ வுட்டுட்டு வாங்க."

"அந்த மரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

ஆண்டாள் மறுபேச்சில்லாமல் அனுப்பினாள். போட்டோவில் மரத்தடியில் இரண்டு ஆடுகள் நின்றிருந்தன. சிவப்பிரகாசம் மறுபடி கூப்பிட்டார்.

"ஆடு காரு மேல ஏறுமா?"

"சொல்லி வெக்கறேன் சார்," என்றாள் ஆண்டாள்.

ஆட்டிடம் சொல்லி வைப்பதா, ஆட்டுக்காரரிடமா என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தில் காரை விட அவர் தயாராக இல்லை. ஆகவே காருக்குக் காவல் போடுவது என்று முடிவு செய்தார். மத்தியானம் வரை குமரவேல். மத்தியானத்துக்கு மேல் அம்சவள்ளியின் வீட்டுக்காரர்.

செய்தியைக் கேட்டதும் குமரவேல் பாகூரிலிருந்து போன் போட்டான்.

"அண்ணே, நான் காரண்ட குந்திக்கினு இருக்கறதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் வரணும்? இங்க எங்க வூட்டு வாசல்லயே குந்திக்கிறனே."

"டேய், குடும்பத்தோட இருக்கணும்டா. அதானே முக்கியம்?"

"குடும்பம் படகுல போவுது. நான் ஆட்டோட இருக்கேன்."

"எடக்குப் பேசாத. இதுக்குத்தான் உன்னைக் குரூப்ல பேச வுடல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்தது சாப்பாடு.

ஆண்டாள், தன் வீட்டிலேயே நண்டுக் குழம்பும் மீன் வறுவலும் செய்து தருவதாகச் சொன்னாள். கல்பனாவுக்கு நாக்கில் தண்ணீர் ஊறியது. சிவப்பிரகாசம் ஒரே வார்த்தையில் தள்ளினார். நண்டு ஓடு தொண்டையில் சிக்கும். உப்பங்கழியில் ஆஸ்பத்திரி கிடையாது. கட்டுச்சோறுதான் பாதுகாப்பு. கஸ்தூரி புளிசாதம், செல்வகுமாரி தயிர்சாதம்.

இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் அவர் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

"ஏன் மாமா, தயிர்சோறுதான் எனக்கு வரும்னு அவங்க சொன்னாங்களா?" என்று செல்வகுமாரி போனில் கேட்டாள். "சோத்துல தயிரை ஊத்தினா தயிர்சோறு. அதுக்கு நான் எதுக்கு?"

அவர் உடனே மாற்றினார். செல்வகுமாரி புளிசாதம், கஸ்தூரி தயிர்சாதம்.

"ஓகோ," என்றாள் கஸ்தூரி. "கல்யாணமாயி இத்தினி வருஷம் நான் கிளறுன புளிசோறு இப்பதான் உங்களுக்குக் கசந்து போச்சா?"

கஸ்தூரி 'ஓகோ' என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு இரண்டு வேளைச் சாப்பாட்டை விழுங்காமல் முடியாது. ஆகவே இருவருக்கும் வேலையே வேண்டாம் என்று பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கிற ஒரு மெஸ்ஸில் பொட்டலம் சொன்னார். பொட்டலம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக ஒரு வாரம் முன்பே வாங்கி வந்து வீட்டில் எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். பாகூருக்கும் கடைப் பையன் மூலம் நான்கு பொட்டலம் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டிலும் வயிறு கலக்கிவிட்டது.

அன்றைக்கு இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் செல்வகுமாரி கஸ்தூரிக்குப் போன் செய்தாள். "அக்கா, உங்களுக்கும் போவுதா?"

"மத்தியானத்துலேருந்து, செல்வி."

அவ்வளவுதான் பேச்சு. கஸ்தூரி உடனே எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். ஆனால் போனைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள்.

சிவப்பிரகாசத்துக்கு இதெல்லாம் கவனத்தில் இல்லை. அவர் அதற்குள் படகுப் பாதுகாப்புக்கு வந்திருந்தார்.

"வாய்க்காலு எவ்ளோ ஆழம்மா?" என்று ஆண்டாளைக் கேட்டார்.

"எறங்குனா இடுப்பளவு இருக்கும் சார்."

"யாரு இடுப்பு?"

ஆண்டாள் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. "உங்க இடுப்புதான் சார்."

இடுப்பளவு தண்ணீரென்றாலும் தண்ணீர் தண்ணீர்தான். படகு ஒரு பக்கம் சாயாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். எடை சமமாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொருவர் எடையும் தெரிய வேண்டும். உரக்கடைக்காரரிடம் தராசுக்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கடைக்கு வரவேண்டும் என்று குரூப்பில் போட்டார். எதற்கென்று போடவில்லை. ஏதோ சமாதானப் பேச்சு என்று நினைத்துக் குமரவேல் குடும்பம் பாகூரிலிருந்து பூவும் பழமுமாக வந்தது. அம்சவள்ளி தன் வீட்டுக்காரரோடு நெட்டப்பாக்கத்திலிருந்து வந்தாள். கஸ்தூரியும் கல்பனாவும் வந்தார்கள். கடை வாசலில் லாரியிலிருந்து லோடு இறங்கிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் தலையில் மூட்டையோடு போய்வந்துகொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா வந்து இதும்மேல நில்லுங்க," என்று மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டினார் சிவப்பிரகாசம்.

"எதுக்கு மாமா?" என்று கேட்டுக்கொண்டே செல்வகுமாரி, கையிலிருந்த பழப் பையோடு ஏறி நின்றுவிட்டாள். ஆசீர்வாதம் பண்ணப் போகிறார் என்று நினைத்தாளோ என்னவோ.

கடையில் எடையைக் கூவிச் சொல்வது அவருடைய பழக்கம். கணக்குப் பிள்ளை எழுதிக்கொள்ள அது வசதி. அந்தப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒண்ணரை மூட்டைக்குக் கொஞ்சம் மேல!"

லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தலையிலிருந்த மூட்டையையும் செல்வகுமாரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

செல்வகுமாரி மெல்ல இறங்கினாள். பழப் பையைக் கீழே வைத்தாள்.

"இன்னா மாமா, நான் இன்னா யூரியாவா?"

"இல்லம்மா, படகு சாயக் கூடாதுல்ல. பழப் பையைக் கழிச்சா சரியா ஒண்ணரைதான் வரும். கஸ்தூரி, நீ வந்து ஏறு. நீ எப்படியும் ஒண்ணே முக்கால் இருப்ப. உன்னை அந்தப் பக்கம் உக்கார வெச்சா ரெண்டும் சமமாயிடும்."

அதற்குப் பிறகு கஸ்தூரி செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் நேராகப் போய்ச் செல்வகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா செல்வி, நாம வூட்டுக்குப் போயி ஒரு வாய் காபி குடிக்கலாம்," என்று சொல்லி அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அம்சவள்ளியும் பின்னாலேயே போனாள். கல்பனாவும் போனாள். குமரவேலும் அம்சவள்ளி வீட்டுக்காரரும் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, தராசு தங்களைப் பார்ப்பதைக் கவனித்து, அவர்களும் போய்விட்டார்கள்.

சிவப்பிரகாசம் தனியாகத் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். ஒருத்தருக்காவது பொறுப்பு இருக்கிறதா? இவர்கள் நன்மைக்காகத்தானே இவ்வளவும்? சாயங்காலம் புதுச்சேரிக்குப் போய் எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை வாங்கி வந்தார். எடை தெரியாததால் எல்லாம் ஒரே அளவு.

அதற்குப் பிறகுதான் விக்கெட் விழ ஆரம்பித்தது.

முதலில் செல்வகுமாரி. "முட்டி வலி மாமா. டாக்டரு படகுல ஏறி எறங்கவே கூடாதுன்னுட்டாரு."

டாக்டர் படகைப் பற்றிக்கூட எச்சரிக்கிறாரே, நல்ல கெட்டிக்கார டாக்டர்தான் என்று சிவப்பிரகாசம் நினைத்தார். முட்டி வலி தீரட்டும் என்று பயணத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்.

தள்ளியதும் குமரவேல் வந்தான். "அண்ணே, அன்னிக்குத்தான் கரும்பு வெட்டு ஆர்டர் வந்திருக்குது. மில்லுக்காரன் சொன்ன நாளுல வெட்டலன்னா வயல்லயே காயும்."

"சரி, அதுக்கு அடுத்த வாரம் வெச்சிக்கலாம்."

"அடுத்த வாரமும் வெட்டுதாண்ணே. பெரிய வயலு."

வயலின் அளவு சிவப்பிரகாசத்துக்குத் தெரியும். பாகம் பிரித்தபோது அளந்தவரே அவர்தான். எத்தனை ஆள் போட்டாலும் ஒரே வாரத்தில் முடிகிற வயல். அதைச் சொன்னார்.

"இந்த வருஷம் நல்ல வெளைச்சலுண்ணே," என்றான் குமரவேல்.

அப்புறம் கல்பனா. காலேஜில் ஸ்பெஷல் கிளாஸ்.

"ஞாயித்துக்கெழமைலயா?"

"மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்டுப்பா."

"உங்க பிரின்சிபாலண்ட நான் பேசறேன்."

"ஐயோ, வேணாம்ப்பா!" என்று கல்பனா அலறிய அலறலில் அவருக்குப் பெருமையாகவே இருந்தது. படிப்பில் எவ்வளவு அக்கறை பெண்ணுக்கு!

அம்சவள்ளிக்குக் காய்ச்சல். அவள் வீட்டுக்காரருக்கு அம்சவள்ளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொரு தகவலும் வரும்போது அவர் தேதியை மாற்றுவார். மாற்றிய தேதியில் புதிதாக ஒருவருக்கு ஏதாவது முளைக்கும். ஆண்டாளுக்குப் போன் செய்து நாள் மாற்றி மாற்றி, கடைசியில் அவள் "ஹலோ" என்பதற்குப் பதிலாக "இப்ப எப்ப சார்?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

இதில் இன்னொரு எரிச்சல். வீட்டில் கஸ்தூரியின் போன் 'டிங்' என்னும். அடுத்த நொடி கல்பனாவின் போன் 'டிங்' என்னும். இரண்டு பேரும் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். அவர் போன் மட்டும் செத்த பல்லி மாதிரிக் கிடக்கும்.

"என்னுதுல சிக்னல் சரியில்ல," என்று அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வருவார்.

ஒரு நாள் பின்கட்டில் கஸ்தூரி போனில் பேசிக்கொண்டே, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"லோன் வேணுமான்னு கேக்கறாங்க."

"அதுக்கா இந்தச் சிரிப்பு?"

"நல்லாப் பேசறாங்கங்க."

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு வந்தது. மறுநாள் பயணம். மிச்சமிருந்த ஆள் கஸ்தூரி ஒருத்திதான். மிதவைச் சட்டைகளை அவர் கூடத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். கேட்காமலே காபி. சர்க்கரையும் சரியாக இருந்தது.

"ஏங்க, அம்சாவுக்குக் காய்ச்சல் எறங்கவே இல்லையாம். நாளைக்கி ஒரு நடை நெட்டப்பாக்கம் போயி பாத்துட்டு வந்துடறேன்."

"அப்ப நான் ஒண்டி ஆளாப் படகுல போவணுமா?"

"நீங்க எதுக்குங்க அலையணும்? எத்தினி நாளாப் பாடுபடறீங்க. அவங்க யாருக்கும் குடுத்து வெக்கல. கேன்சல் பண்ணிட்டு நிம்மதியா வூட்ல படுங்க." அவள் குரலில் இருந்த இதம், கல்யாணமான புதிதில் கேட்டது.

அவருக்குக் கோபமும் துக்கமும் ஒன்றாக வந்தன. "கேன்சல்! நான் கேன்சல் பண்ணறேன்! இனிமே இந்தக் குடும்பத்துக்கு ஒரு துரும்பு கிள்ளிப் போடமாட்டேன்!" என்று கத்திவிட்டு, ஆண்டாளுக்குச் செய்தி அனுப்பினார். குரூப்பிலும் போட்டார்: 'அட்மின் முடிவு. பயணம் ரத்து.' கஸ்தூரி போன் 'டிங்' என்றது. கல்பனா போன் 'டிங்' என்றது. உள்ளேயிருந்து கல்பனா ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்து, "பாவம்ப்பா நீ," என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்ததோ, சிரிப்பை அடக்கியதில் தண்ணீர் வந்ததோ, அவர் அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. கல்பனா கிளாசுக்குப் போய்விட்டாள். காய்ச்சல்காரியைப் பார்க்கக் கஸ்தூரி பால்காரன் வருவதற்கு முன்பே கிளம்பியிருந்தாள். மேஜைமேல் அவருக்கு இட்லி மூடி வைத்திருந்தது.

பேப்பரைப் படித்தார். திருப்பிப் படித்தார். காரைத் துடைத்தார். துடைத்த காரை ஈரத் துணியால் இன்னொரு தடவை துடைத்தார். கூடத்தில் ஆரஞ்சுச் சட்டைகள் ஆள் இல்லாத குடும்பம் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வீம்பு ஏறியது. பிளானில் தப்பு கிடையாது, ஆட்களில்தான் தப்பு. பிளான் சரிதான் என்பதை யாராவது நிரூபிக்க வேண்டாமா? யாரும் வராவிட்டால் என்ன, அவரே போவார்.

ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினார். பாகூர் வழியாகப் போகும்போது தம்பி வீட்டைப் பார்த்தார். பூட்டியிருந்தது. கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறான் பாவம், குழந்தைகளையும் வெயிலில் இழுத்துக்கொண்டு. மனம் இளகியது.

தாழந்திட்டுத் துறைக்கு வந்து சேர்ந்தபோது வேப்பமரத்து நிழலை ஒரு வேன் முழுசாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்த இரண்டு ஆடுகளும் நின்றன. யாரோ ஒரு முட்டாள் எந்தப் பிளானும் இல்லாமல் கண்ட இடத்தில் வண்டியை விட்டிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே காரை வெயிலில் நிறுத்தினார். காவலுக்கு ஆள் இல்லை. ஆட்டை ஒரு முறை முறைத்துவிட்டுத் துறைக்கு இறங்கினார்.

அங்கே சின்னப் படகு ஒன்றில் ஒருவர் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டாளம்மா இல்லையா?"

"அக்கா சமையல்ல இருக்குது சார். பெரிய பார்ட்டி வந்திருக்கு. நான் அது தம்பி, கலைவேந்தன். ஏறுங்க, நான் சுத்திக் காட்டறேன்." பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, அவருடைய ஆரஞ்சுச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "இடுப்பளவுதான் சார் தண்ணி."

"தெரியும்," என்றார் சிவப்பிரகாசம் விறைப்பாக, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு.

படகு வாய்க்காலுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். வாசற்படி நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு படியில் ஒருத்தி உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். பூனை ஒன்று முறைப்படி காத்திருந்தது. மரப்பாலத்தின் கீழே போகும்போது இருவரும் தலை குனிந்தார்கள். எங்கோ கோழி கத்தியது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

ஹார்ன் இல்லை. யாரும் அவரை எதற்கும் கூப்பிடவில்லை. படகு ஒரு பக்கமும் சாயவில்லை.

நெடுநாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு ஒன்று அவரிடமிருந்து தானாக வெளியே போனது. காரை நினைத்துப் பார்த்தார். அதன்மேல் ஆடு ஏறினால் ஏறட்டும் என்று தோன்றியது. தனக்கா அப்படித் தோன்றியது என்று ஆச்சரியப்பட்டார்.

கஸ்தூரி இதைப் பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள். பாவம், காய்ச்சல் வீட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பாள். முட்டி வலியோடு செல்வகுமாரி வேறு வயல்வரப்பில் நிற்கிறாளோ என்னவோ. அந்தப் பெண்ணைத் தராசில் ஏற்றியிருக்க வேண்டாம். ஏற்றினாலும் கூவியிருக்க வேண்டாம். அடுத்த தடவை எல்லாரையும் இங்கே கூட்டிவருவது. நேரம் கிடையாது, காவல் கிடையாது, பொட்டலம் கிடையாது. நண்டுக் குழம்பே சாப்பிடட்டும். முக்கியமாக, பிளான் கிடையாது. அதை எந்த மாசம், யார் யாரிடம், எந்த வரிசையில் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது.

அடுத்த வாய்க்கால் திருப்பத்துக்கு அப்பால், ஏதோ ஒரு வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது. ஒருவர் இரண்டு பேர் சிரிப்பில்லை; ஒரு பந்தியே விழுந்து விழுந்து சிரிக்கிற சிரிப்பு. குழந்தைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம், பெண்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம். நண்டுக் குழம்பு வாசனை வாய்க்காலையே நிறைத்தது. எந்தக் குடும்பமோ, கொடுத்து வைத்தவர்கள் என்று சிவப்பிரகாசம் பெருமூச்சு விட்டார். தன் குடும்பம் இப்படி ஒன்றாகச் சிரித்து எவ்வளவு காலமாகிறது!

"யாருப்பா அவங்க? இவ்ளோ ஒத்துமையா இருக்காங்களே," என்று கேட்டார்.

கலைவேந்தன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கும் சிரிப்பு வர, குரலைத் தாழ்த்தினார்.

"அவங்களா? வில்லியனூரு, பாகூரு, நெட்டப்பாக்கம்னு மூணு வூட்டு ஆளுங்க சார். ரெண்டு வருஷமா பேச்சு வார்த்தையே இல்லாம இருந்தாங்களாம், வூட்டுப் பெரியவரு ஒருத்தரை வர வுடாம கழட்டி வுடறதுக்குப் பிளான் போடப் போயித்தான் மறுபடி ஒண்ணு சேந்தாங்களாம். பாவம், அந்த மனுஷன் தான்தான் கேன்சல் பண்ணோம்னு நெனச்சிக்கினு இன்னும் வூட்ல குந்தியிருப்பாரு!"